கொத்து வரிசை

1

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐந்து கோழிகள் இருந்தன. ஆறாவதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. விஷயம் மிகச் சிறியது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். பெரிய விஷயங்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியாகிவிட்டது. அவற்றில் நம் பொறுப்பு என்ன என்ற கேள்வி வரும்போது கையை விரித்துவிடும் சௌகரியமும் நமக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. கொல்லையில் நடப்பதற்கு நான் ஒருவன்தான் பொறுப்பு. அந்தக் காரணத்தினாலேயே இதை எடுத்துக்கொள்கிறேன்.

சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் நடுவில் வீடு. பின்னால் ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு வாழை, துணி துவைக்கும் கல். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா எங்களோடு வந்து தங்கியபோது, மண்தரை இருக்கிற வீட்டில் கோழி இல்லாமல் இருப்பது அவளுக்கு ஏதோ குறையாகப் பட்டிருக்க வேண்டும். ஐந்தும் அவள் சேர்த்தவை. ஆறாவது என் கைங்கர்யம். விடுப்பு எடுத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் பழைய புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனவன், கால் கட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு செவலை விடைக்கோழியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஏன் வாங்கினேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இரக்கம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

காலை பதினொரு மணிக்குக் கட்டை அவிழ்த்துக் கொல்லையில் விட்டேன். கிளறிக்கொண்டிருந்த ஐந்தும் ஒரே கணத்தில் நின்றன. அந்த நிசப்தம் எனக்குப் பழக்கமானது. எங்கே கேட்டது என்பது மட்டும் அப்போது நினைவுக்கு வரவில்லை. கருப்புக் கோழி முதலில் வந்தது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்து, கொண்டையில் ஒரு கொத்து. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. கடைசியாக, யாரையும் கொத்தி நான் பார்த்திராத சாம்பல் நிறக் கோழி. எல்லோரும் தின்று முடித்த பிறகு தட்டின் ஓரத்துக்கு வருகிற அந்தக் கோழிதான் அதிகம் கொத்தியது. புதியது துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் தலையை நுழைத்துக்கொண்டது. கொண்டையில் ரத்தம் தெரிந்தது. ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை இன்னும் மூர்க்கமாகக் கொத்தும்.

பக்கத்து வீட்டுப் பாட்டி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அப்பிடித்தான் சார் கொத்தும். ஒரு வாரம் கொத்து வாங்கிச்சின்னா அப்பால அதுவும் நம்ம கோழி ஆயிடும். நீ ஏன் நடுவுல பூற? பூந்தாதான் கெட்டுப்பூடும்."

நான் நடுவில் புகவில்லை. கையில் காப்பி இருந்தது. இயற்கையில் தலையிடக் கூடாது என்ற ஒரு கண்ணியமான எண்ணத்துடன் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். மூலையில் கிடந்த பஞ்சாரத்தை எடுத்துப் புதிய கோழியின் மேல் கவிழ்த்தாள். என் பக்கம் திரும்பி, "பாத்துக்கினு நிக்கிறதுக்குத்தான் படிச்சியா?" என்றாள்.

பாட்டி சொன்னதும் உண்மை. அம்மா செய்ததும் சரி. இரண்டும் ஒன்றாக எப்படி நிற்க முடியும் என்பதுதான் என் பிரச்னை.

2

கோழிகளிடையே இப்படி ஒரு வரிசை இருப்பதை முறையாகக் கவனித்து எழுதியவர் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பெ என்ற நார்வேக்காரர். 1894இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே கோழிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர். 1920களின் தொடக்கத்தில் அவருடைய ஆராய்ச்சி ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. எந்த இரண்டு கோழிகளை எடுத்துக்கொண்டாலும் ஒன்று கொத்தும், மற்றது கொத்து வாங்கும். அது ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் சுலபத்தில் மாறாது. வரிசை எப்போதும் ஏணி போல நேராக இருப்பதில்லை என்பதையும் அவரே கண்டார். ஒன்று இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், மூன்றாவது முதலாவதைக் கொத்தும் என்ற முக்கோணங்களும் உண்டு. உலகம் முழுக்க இன்று அலுவலகங்களைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேசுகிறவர்கள் சகஜமாகப் பயன்படுத்தும் கொத்து வரிசை என்ற சொல் இந்தக் கொல்லையிலிருந்து வந்ததுதான்.

கவனித்தவரை அவர் சரி. பிறகு ஒரு தாவல் தாவினார். ஒன்று மற்றொன்றை அடக்கி ஆள்வது உயிர் வாழ்க்கை முழுவதற்குமே அடிப்படையான தத்துவம் என்கிற அளவுக்குப் போனார். கோழிக் கூண்டிலிருந்து பிரபஞ்சத்துக்கு ஒரே தாவல். அவருக்கே நார்வேயின் கல்வி உலகில் நிலையான இடம் கிடைக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தாவலின் பின்னால் ஒரு கசப்பு இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. கொத்து வாங்குகிறவன் கொத்தை உலக நியதியாக்கிக்கொள்வதில் ஒரு ஆறுதல் இருக்கிறது: அவமானம் தனக்கு மட்டும் நேர்ந்ததாக இல்லாமல் போகிறது.

இந்தத் தாவலை நாம் எல்லோரும் செய்கிறோம். 'இயற்கை' என்ற சொல்லை எடுத்தவுடன் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில், அவர் இறந்த மறு வருஷம் 1874இல் வெளியான ஒரு கட்டுரையில், இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தார். நடப்பது எல்லாமே இயற்கை என்றால் இயற்கையைப் பின்பற்று என்ற போதனைக்கு அர்த்தமே இல்லை. பின்பற்றாமல் இருக்க யாராலும் முடியாது. மனிதன் கைவைக்காமல் நடப்பதுதான் இயற்கை என்றால் அதைப் பின்பற்றுவது அதர்மம்; புயலும் கொள்ளைநோயும் செய்வதை ஒரு மனிதன் செய்தால் அவனைத் தூக்கில் போடுவோம். என் காப்பி தம்ளரை வைத்துக்கொண்டு யோசித்தால் மூன்றாவதாக ஒன்றும் சொல்ல வேண்டும். நான் இயற்கை என்று சொன்னது என் கை பட்ட இடத்தில். கோழியைப் பல்லாவரத்திலிருந்து கொண்டுவந்தது யார்? சுற்றுச்சுவர் எழுப்பியது யார்? காட்டில் துரத்தப்படுகிற பறவைக்கு ஓட இடமிருக்கும். என் கொல்லையில் ஓடினால் சுவரில் முட்டும்.

3

வரிசைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய பலமான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. வரிசை நிலைபெற்ற கூட்டத்தில் சண்டை குறைவு. யார் எங்கே என்று தெரிந்துவிட்டால் ஒரு பார்வை போதும், ஒரு கழுத்தசைப்புப் போதும். புதிதாக ஒன்று வரும்போதுதான் கணக்கு முழுவதும் கலைகிறது. ஆகவே வரிசை என்பது வன்முறைக்கு எதிரான ஏற்பாடு.

இந்த வாதத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு காலத்தில் சண்டையே இல்லாத ஒற்றுமை இருந்ததாகச் சொல்லப்படும்; அவனவன் அவனவன் இடத்தில் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். எங்கள் கொல்லையிலும் ஒற்றுமை இருந்தது. ஐந்து கோழிகளும் அமைதியாக இருப்பதாகவே நானும் நினைத்திருந்தேன். புதியது வந்த பிறகுதான் சாம்பலைச் சரியாகப் பார்த்தேன். அதை யாரும் கொத்தாததற்குக் காரணம், கொத்த வேண்டிய நிலை வருவதற்கு முன்பே அது விலகிவிடும். தட்டிலிருந்து, தண்ணீரிலிருந்து, மூங்கிலில் நல்ல இடத்திலிருந்து. அது விலகிக்கொள்ளக் கற்றுக்கொண்டதற்குத்தான் நான் அமைதி என்று பெயர் வைத்திருந்தேன்.

கோழிகள் ஒன்றையொன்று முகத்தை, முக்கியமாகக் கொண்டையை வைத்து அடையாளம் காண்கின்றன. கூட்டத்துக் கோழி ஒன்றின் கொண்டையை மாற்றிவிட்டால், அதன் தோழிகளே அதை அந்நியமாகக் கருதித் தாக்குவதுண்டு. சில வாரங்கள் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டாலும் அப்படியே ஆகலாம். அந்நியத்தன்மை வந்தவரிடம் இருக்கும் குணம் என்ற நம் நம்பிக்கையை இது ஆட்டம் காண வைக்கிறது. அது பார்க்கிறவர்களுடைய ஞாபகத்தில் இருக்கும் ஒரு வெற்றிடம்.

கோழியைப் பழக்குவதற்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் உபாயம் ஒன்று இந்த இடத்தில் சுவாரஸ்யமானது. இருட்டிய பிறகு, மற்றவை மூங்கிலில் அடைந்து அசையாமல் இருக்கும்போது, புதியதை ஓசைப்படாமல் பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். விடிந்ததும் அது எப்போதும் அங்கே இருந்தது போல இருக்கும். மற்றவை முழுக்க ஏமாந்துவிடுகின்றன என்று நான் நம்பவில்லை. முதல் கொத்தின் வேகம் மட்டும் குறைகிறது. ஆனால் சொந்தம் கொண்டாடும் எந்தக் கூட்டத்தின் பூர்வகதையிலும் இப்படி ஒரு இருட்டு இருக்கும் என்று தோன்றுகிறது. எல்லோரும் ஏதோ ஒரு ராத்திரி வந்து உட்கார்ந்தவர்கள். விடிந்தபோது மறந்துபோனவர்கள்.

4

அம்மா தத்துவம் பேசவில்லை. தீவனத்தை மூன்று இடங்களில் வைத்தாள். அதுவரை ஒரே தட்டு, ஒரே தண்ணீர்ச் சட்டி, நாலடி நீளத்தில் ஒரே மூங்கில். உடைந்த பழைய கதவு ஒன்றை முருங்கையில் சாத்தி வைத்து, துரத்தினால் ஒளிய ஒரு மறைவு உண்டாக்கினாள். இரண்டாவது மூங்கில் கட்டினாள். பஞ்சாரத்துக்கு வெளியே மற்றவை மேயும்படி ஏழெட்டு நாள் புதியதைப் பஞ்சாரத்திலேயே வைத்திருந்தாள். பார்த்துக்கொள்ளலாம், கொத்திக்கொள்ள முடியாது. அந்தத் தனிமைக்கு வேறு நியாயமும் இருந்தது. வெள்ளைக்கழிச்சல் ஒன்றுக்கு வந்தால் கொல்லையே காலியாகும். சந்தைக் கோழியைச் சில நாள் தள்ளி வைத்துப் பார்ப்பது விவேகம். (இந்த நியாயத்தை எத்தனை தூரம் இழுக்கலாம் என்பது வேறு விஷயம். 1928இல் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் எங்களுக்கு ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் ஏறுகிறவர் பக்கத்தில் உட்காரச் சற்று யோசிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோய் தீர்ந்த பிறகும் தள்ளிவைப்பது தீர்வதில்லை.)

கொத்து நின்றுவிடவில்லை. கணிசமாகக் குறைந்தது. எனக்கு இதில் ஒரு பாடம் இருந்தது. கொத்துவது கோழியின் சுபாவம். ஒரே தட்டு என்னுடைய ஏற்பாடு. இந்த இரண்டையும் குழப்பி மொத்தத்துக்கும் இயற்கை என்று பெயரிட்டிருந்தேன். வள்ளலார் ஜீவகாருண்யத்தைப் பற்றி எழுதும்போது பசி தீர்ப்பதையே முதலில் வைத்ததும், 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கியதும் எனக்கு வெறும் பக்தி விஷயமாகவே இருந்துவந்தன. வரிசையை எதிர்த்து உபதேசம் செய்வதைவிட இரண்டாவது தட்டு வைப்பது ஆழமான செயல் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு தீர்வும் இருக்கிறது. நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் இருப்பது போன்ற நெருக்கமான கூண்டுகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திச் சேதப்படுத்தாமல் இருக்க அலகின் நுனியைச் சூடான தகட்டால் தீய்த்துவிடுகிறார்கள். இடத்தை மாற்றுவதில்லை, அலகை மாற்றிவிடுகிறார்கள். ஒழுங்கு வேண்டும், ஒழுங்கின்மைக்குக் காரணமான நெருக்கடியும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் இது ஒன்றுதான் வழி.

மனிதர்களைக் கோழிகளோடு ஒப்பிடுவதில் உள்ள ஆபத்தை நான் அறிவேன். இப்போதுதான் ஒரு நார்வேக்காரரை அதற்காகக் கண்டித்தேன். எனவே கோழியைப் பார்த்து மனிதனைப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்ல வரவில்லை. தட்டு வைக்கிறவனைப் புரிந்துகொள்ளலாம் என்கிறேன். எங்கள் தென்புறநகரில் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணகி நகரும், பிறகு செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழும்பின. நகரத்தின் நடுவிலிருந்து, கூவம் அடையாற்றுக் கரைகளிலிருந்து, வேலையும் பள்ளிக்கூடமும் இருந்த இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகம் பெற்றது. அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பது கஷ்டம் என்பதை அங்கிருந்து வருகிற எந்தப் பையனும் சொல்வான். விலாசமே கொண்டையாகிவிட்டது. சுற்றியுள்ளவர்கள் ஏன் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று நாம் மனித சுபாவத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஒரே தட்டை வைத்தது யார் என்று பேசுவதில்லை.

5

அந்த நிசப்தத்தை முன்பு எங்கே கேட்டேன் என்பது இரண்டு நாள் கழித்து, நகைக்கடன் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது.

2016 நவம்பரில் நான் ஒரு கிளைக்கு மாற்றலாகிப் போனேன். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மாதம். வாசலில் கூட்டம். அனுபவசாலிகள் எல்லோருக்கும் அன்றைக்கு அவசரமாக வேறு வேலை இருந்தது. பணக் கவுண்டர் எனக்கு வந்தது. மாலையில் கணக்கு உதைத்தது. குறைந்ததைக் கைக்காசு போட்டுக் கட்டினேன். "புதுசுல்ல, பழகிடும்" என்றார் ஒருவர், கனிவாகவே. பக்கத்து வீட்டுப் பாட்டியின் குரல். உண்மைதான், பழகிவிட்டது. இரண்டு வருஷத்தில் எனக்கு என் நாற்காலி, என் ஜன்னல், மதியம் மூவரோடு சாப்பாடு.

பிறகு ஒரு பையன் வந்தான். அவனுடைய தகப்பனார் வேறொரு கிளையில் பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர். கருணை அடிப்படையில் நியமனம். பாஸ்புக் பதிகிற, அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்கிற அந்த இயந்திரத்தின் முன்னால் அவனை உட்கார வைத்தார்கள். ஒரு நாள் வரிசை நீண்டு, வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் போட்டபோது, நான் என் இடத்திலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "பரீட்சை எழுதி வந்திருந்தா தெரியும். சில பேருக்கு வேலை வீட்டு வாசல்ல வந்து நிக்குது" என்றேன். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தன்னைப் பற்றிய நகைச்சுவையில் தானும் சேர்ந்துகொண்டால் ஒருவேளை சேர்த்துக்கொள்வார்கள் என்ற சிரிப்பு. அவனுக்கு அந்த வேலை எந்த வாசல் வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சில மாதங்களில் மாற்றல் கேட்டுப் போய்விட்டான்.

அந்தக் கிளையில் மேலே இருந்தவர்கள் யாரும் அவனை இவ்வளவு கொத்தவில்லை. அவர்களுக்கு அவசியமில்லை. கடைசிக்கு ஒரு படி மேலே இருந்தவன் நான்தான். அவன் வந்த அன்றுதான் நான் கடைசி இல்லாமல் ஆனேன். பட்டவனுக்குத்தான் பிறர் வலி தெரியும் என்று நம் கதைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், விமர்சனத்தில் பாராட்டியும் இருக்கிறேன். அது உண்மை என்று தோன்றவில்லை. வலி ஒருவனுக்குக் கற்றுத் தருவது பெரும்பாலும் எந்த இடத்தில் கொத்தினால் வலிக்கும் என்பதை.

6

இதை இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில நூறு பிரதிகள் அச்சாகிற, ஏறக்குறைய அதே நூறு பேர் எழுதிப் படிக்கிற நம் உலகமும் ஒரு கொல்லைதான். தட்டு மிகச் சிறியது. முதல் கவிதையோடு வருகிறவனுக்கு நாம் என்ன செய்கிறோம்? மொழிப் பிரக்ஞை இல்லை, அனுபவம் ஜீரணமாகவில்லை என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். விமர்சனம் கறாராக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. மோசமான கவிதையை மோசம் என்று சொல்லாமல் விடுவது அந்தக் கவிஞனை மனிதனாக மதிக்காததற்குச் சமம். ஆனால் நான் எழுதியவற்றைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சிலவற்றில் கவிதையைப் பற்றிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அவன் எந்த ஊர், யாருடைய சிபாரிசு, இதற்கு முன் எந்த வாரப் பத்திரிகையில் எழுதினான் என்பதெல்லாம் இருந்தன. கவிதையைத் தொடாமல் கொண்டையை மட்டும் பார்த்திருக்கிறேன். கறாருக்கும் கொத்துக்கும் வித்தியாசம் காண இந்த ஒரு சோதனை போதும் என்று நினைக்கிறேன்.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு நடுகல் இருக்கிறது. சண்டைச் சேவலுக்கு எடுத்தது. சேவலின் உருவமே கல்லில் வெட்டியிருக்கிறது. நேருக்கு நேர் நிகழும் சண்டையை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம், கல்லும் நடுகிறோம். தட்டின் ஓரத்தில் தினமும் நிகழ்வதற்குக் கல் இல்லை. 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்று ஒரு பழமொழி இருக்கிறது. மிதிப்பது தாய் என்றால் சரி. தாய் இல்லாதவர்கள் மிதிக்கும்போதும் நாம் இதையே சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தை மறைத்தால் இந்தக் கட்டுரை யோக்கியமாக இருக்காது. இந்தக் கோழிகளில் சில எங்கள் வீட்டிலேயே குழம்பாகும். கொண்டையில் ரத்தம் பார்த்துக் கலங்கியவன் கழுத்தில் ரத்தம் பார்த்துக் கலங்குவதில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. உயிரோடு இருக்கிற வரை அதன் நாட்களை நரகமாக்காமல் இருக்கும் கடமை, பிறகு செய்யப்போவதால் ரத்தாகிவிடுவதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

7

போன மாதம் அம்மா மேலும் இரண்டு வாங்கினாள். ஒன்றாக வாங்கினால் ஒன்றே எல்லாக் கொத்தையும் வாங்கும், இரண்டென்றால் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. நான் கம்பிவலை வாங்கி வந்து குறுக்கே தடுப்புக் கட்டினேன். இந்த முறை கையில் காப்பி இல்லை.

ஆறும் கிளறுவதை நிறுத்தின. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு முதலில் வந்தது கருப்பு இல்லை, பல்லாவரத்துச் செவலை. கொண்டையில் பழைய காயத்தின் வடு கருத்துத் தெரிந்தது. வலையின் மேல் கொத்தியது. அலகு கம்பியில் பட்டு டிங் டிங்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. சாம்பல் சற்றுத் தள்ளி நின்று பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிப் போய், யாரும் இல்லாத மூன்றாவது தட்டில் நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

செவலையை விரட்டக் கை ஓங்கினேன். விரட்டும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தோன்றியது. வலையின் கட்டைச் சரிபார்த்துவிட்டு உள்ளே வந்தேன். அந்தப் பையனுடைய எண் இன்னும் என் செல்பேசியில் இருக்கிறது. கட்டுரையை முடித்துவிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். கட்டுரை முடிந்துவிட்டது.